எம்ஜிஎம்டி ரிப்போர்ட்: எந்த வரி மருந்தைப் பற்றிப் பேசுகிறது?

கேள்வி இது: "அப்பாவுக்கு 58 வயது. மூளையில் கிளையோபிளாஸ்டோமா, ஆபரேஷன் முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஐடிஹெச் மாற்றம் இல்லை, டெர்ட் மாற்றம் உண்டு, ஈஜிஎஃப்ஆர் பெருக்கம் உண்டு, எம்ஜிஎம்டி மெத்திலேஷன் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் எல்லோருக்கும் தருகிற அதே கதிர்வீச்சும் டெமோசோலமைடு மாத்திரையும்தான் என்கிறார். அப்புறம் இந்த டெஸ்ட் எதற்கு? நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பார்க்கும் பெரிய டெஸ்ட் எடுத்தால் வேறு மருந்து கிடைக்குமா?"

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள நான்கு வரிகளும் நான்கு மரபணுக்களைப் பற்றியவை. அவற்றில் மாத்திரையைப் பற்றிப் பேசுவது ஒன்றுதான், எம்ஜிஎம்டி. மெத்திலேஷன் என்றால் டிஎன்ஏவில் மெத்தில் என்ற சிறிய வேதித் தொகுதி ஒட்டி, அந்த மரபணுவை அடக்கிவைப்பது. மற்ற மூன்றும் இது என்ன கட்டி என்று பெயர் வைப்பதற்காகப் பார்க்கப்பட்டவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, வயது வந்தவருக்கு வரும் இந்த வகைக் கட்டியில் ஐடிஹெச் மாற்றம் இல்லாமல், டெர்ட் மாற்றமோ ஈஜிஎஃப்ஆர் பெருக்கமோ இருந்தால், நுண்ணோக்கியில் கட்டி எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் அது கிளையோபிளாஸ்டோமாதான். அந்த மூன்று வரிகளின் வேலை அங்கே முடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் குழம்புகின்றன, சில சமயம் டாக்டர்களும் அவசரத்தில் குழப்பிவிடுகிறார்கள். மார்க்கர் என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, என்ன மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எப்படிப் போகும் என்று சொல்வது. இன்னொன்று, இந்த மருந்து இந்த ஆளிடம் வேலை செய்யுமா என்று சொல்வது. மார்க்கர் உள்ளவர்கள் அதிக நாள் இருந்தார்கள் என்பதை மட்டும் வைத்து மருந்தால்தான் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய கட்டியே மெதுவானதாக இருந்திருக்கலாம். மார்க்கர் உள்ளவர்களிலேயே ஒரு பாதிக்கு மருந்து கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல், மார்க்கர் இல்லாதவர்களிடமும் அதையே செய்து பார்த்தால்தான் இரண்டாவது வகை என்று நிரூபிக்க முடியும். மூளைக்கட்டிகளில் அந்தச் சோதனையைத் தாண்டியவை கை விரல்களுக்குள் அடங்கும்.

எம்ஜிஎம்டி தாண்டியிருக்கிறது. டெமோசோலமைடை வழக்கமான சிகிச்சையாக்கிய ஐரோப்பிய-கனடிய ஆய்வு 2005-இல் வந்தது. 573 நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும், பாதிப் பேருக்குக் கதிர்வீச்சோடு மாத்திரை. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அதே ஆய்வில் 206 பேரின் கட்டித் திசுவை எடுத்து எம்ஜிஎம்டி பார்த்தபோது கதை இரண்டாகப் பிரிந்தது. மெத்திலேஷன் உள்ளவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3 மாதம், மாத்திரையும் பெற்றவர்களுக்கு 21.7 மாதம். மெத்திலேஷன் இல்லாதவர்களில் 11.8, 12.7. அதாவது மாத்திரையின் பலனில் பெரும்பகுதி முதல் கூட்டத்துக்கே போயிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மாத்திரை இல்லாமலேகூட மெத்திலேஷன் உள்ளவர்கள் கொஞ்சம் அதிக நாள் இருந்திருக்கிறார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்ற பலருக்குக் கட்டி திரும்பியபோது இதே மாத்திரை கொடுக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே எம்ஜிஎம்டி சுத்தமாக ஒரே வகை என்று பிரிக்க முடியாத மார்க்கர்.

ஏன் இப்படி? டெமோசோலமைடு, டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்தின் ஆறாவது ஆக்ஸிஜனில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிடுகிறது. செல் பிரியும்போது அந்த எழுத்துக்குத் தவறான ஜோடி சேர்கிறது, பழுது பார்க்கும் அமைப்பு அதைத் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டப் பார்க்கிறது, கடைசியில் இழை அறுந்து செல் சாகிறது. எம்ஜிஎம்டி புரதத்தின் வேலை அந்த மெத்திலைப் பிடுங்கித் தன்மேல் போட்டுக்கொள்வது. பிடுங்கியபின் அந்தப் புரதம் மறுபடி உதவாது. தீக்குச்சி மாதிரி, ஒரு உரசலோடு சரி. எனவே செல்லிடம் எத்தனை எம்ஜிஎம்டி கையிருப்பு இருக்கிறதோ அத்தனை காயங்களைத்தான் சரிசெய்ய முடியும். எம்ஜிஎம்டி மரபணுவை இயக்கும் முகப்புப் பகுதியில் மெத்திலேஷன் இருந்தால் அந்தப் புரதம் உற்பத்தியாவதே குறைந்துவிடும். கட்டி கையிருப்பில்லாமல் நிற்கும், மாத்திரை ஜெயிக்கும். அப்பாவின் ரிப்போர்ட் அந்த நல்ல பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் மெத்திலேஷன் இல்லாதவர்களுக்கும் ஏன் அதே மாத்திரை? அவர்களுக்குக் கொடுக்க அதைவிடச் சிறந்ததாக இன்னும் எதுவும் வரவில்லை என்பதுதான் பதில். மெத்திலேஷன் இல்லாதவர்களுக்கு டெமோசோலமைடுக்குப் பதிலாக நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. நிவோலுமாப் பெற்றவர்களுக்கு 13.4 மாதம், 'பலனில்லாத' மாத்திரை பெற்றவர்களுக்கு 14.9 மாதம். அதற்குப் பிறகு, மெத்திலேஷன் இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி ஐம்பது வயதுக்காரரிடமிருந்து மாத்திரையைப் பறிக்க எந்த டாக்டருக்கும் மனம் வராது.

இந்த மார்க்கர் முடிவை உண்மையிலேயே புரட்டிப்போடுவது வயதானவர்களிடம். எழுபதைத் தாண்டி, உடல் தளர்ந்து, கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்து தாங்காது என்ற நிலையில் இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும். ஜெர்மன் ஆய்வும் நார்டிக் (வட ஐரோப்பிய) ஆய்வும் 2012-இல் ஒரே திசையைக் காட்டின. மெத்திலேஷன் இருந்தால் மாத்திரை மட்டுமே போதுமான வழி, இல்லையென்றால் குறுகிய கதிர்வீச்சு. தினம் ஆஸ்பத்திரிக்கு அலையும் சிரமத்தை ஒரு ரிப்போர்ட் வரி மிச்சப்படுத்தும் இடம் அது. கொஞ்சம் தெம்பாக இருப்பவர்களுக்கு மூன்று வாரக் கதிர்வீச்சோடு மாத்திரையும் தரலாம் என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியது. அதிலும் மெத்திலேஷன் உள்ளவர்களுக்கு 7.7 மாதம் 13.5 ஆனது, இல்லாதவர்களுக்கு 7.9 மாதம் 10 ஆனது.

இனி, லேப் பக்கம். 'உண்டு', 'இல்லை' என்று ரிப்போர்ட்டில் போடுகிறோமே தவிர, உள்ளே நடப்பது அவ்வளவு கறுப்பு வெள்ளையாக இல்லை. மெழுகில் பதித்த திசு பிளாக்கிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, அதை பைசல்ஃபைட் உப்பில் ஊறவைக்கிறோம். மெத்தில் ஒட்டாத சைட்டோசின்கள் எல்லாம் வேறு எழுத்தாக மாறிவிடும், மெத்தில் ஒட்டியவை அப்படியே நிற்கும். எது மாறியது, எது மாறவில்லை என்று படிப்பதுதான் டெஸ்ட். பழைய முறையில் ஜெல்லில் கோடு விழுகிறதா என்று பார்ப்பார்கள். பைரோசீக்வென்சிங் முறையில் சதவீதம் கிடைக்கும். பல கூடங்கள் 8 முதல் 10 சதவீதத்தில் கோடு போடுகின்றன. 9 வந்தால்? ஒரு லேப்பில் 'உண்டு', இன்னொன்றில் 'இல்லை'. இந்தச் சாம்பல் பகுதியில் இருப்பவர்களுக்கும் மாத்திரையால் ஓரளவு பலன் கிடைப்பதாகவே தரவுகள் சொல்கின்றன.

அதைவிட முக்கியமானது, எந்தத் துண்டில் டெஸ்ட் செய்தார்கள் என்பது. கிளையோபிளாஸ்டோமாவின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்த திசு. ஓரத்தில் நல்ல மூளைத் திசு கலந்திருக்கும். நோயியல் நிபுணர் ஸ்லைடைப் பார்த்து, கட்டிச் செல்கள் அடர்த்தியாக உள்ள இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, அங்கிருந்து மட்டும் சுரண்டச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் பிளாக்கை அப்படியே சீவி அனுப்பினால் சாதாரணச் செல்களின் டிஎன்ஏ கலந்து, மெத்திலேஷன் இருக்கும் கட்டிகூட 'இல்லை' என்று வந்துவிடும். என் அனுபவத்தில் சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் 'இல்லை' என்ற முடிவைத்தான்.

உங்களுக்கு அடுத்த சில மாதங்களில் பயன்படப்போகும் ஒரு விஷயம். கதிர்வீச்சு முடிந்து எடுக்கும் முதல் எம்ஆர்ஐயில் கட்டி பெரிதானதுபோலத் தெரியலாம். குடும்பமே உடைந்துபோகும் நாள் அது. ஆனால் மெத்திலேஷன் உள்ளவர்களிடம் இது சிகிச்சையின் வீக்கமாக, பொய் வளர்ச்சியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மாத்திரையை நிறுத்தாமல் தொடர்ந்து, அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று டாக்டர் சொன்னால், அவர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்த எம்ஜிஎம்டி வரியையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறார்.

எம்ஜிஎம்டிக்கு முன்பே மருந்துப் பலனோடு முடிச்சுப் போடப்பட்ட மார்க்கர் ஒன்று உண்டு. ஒன்றாம் குரோமோசோமின் சிறிய கையும் பத்தொன்பதாம் குரோமோசோமின் பெரிய கையும் சேர்ந்து காணாமல் போவது. ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்ற கட்டியின் அடையாளம் அது. இந்தக் கட்டிகள் கீமோவுக்குக் கரைகின்றன என்று கனடாவில் கிரெகரி கெய்ர்ன்கிராஸ் குழு 1988-இலேயே எழுதியது. 1998-இல் அதே குழு, கரைவது இந்தக் குரோமோசோம் இழப்பு உள்ள கட்டிகள்தான் என்று காட்டியது. சரி, பெரிய ஆய்வில் நிரூபிப்போம் என்று அமெரிக்காவில் 291 பேரைச் சேர்த்தார்கள். கதிர்வீச்சு மட்டும் ஒரு பக்கம், புரோகார்பசின், லோமஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற மூன்று கீமோ மருந்துகளையும் முன்னால் கொடுத்துவிட்டுக் கதிர்வீச்சு இன்னொரு பக்கம். 2006-இல் முடிவு வந்தது: ஆயுளில் வித்தியாசம் இல்லை. பலர் அத்தோடு கீமோவைக் கைவிட்டார்கள். ஆய்வாளர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபடியே இருந்தார்கள். 2013-இல் மறுபடி கணக்குப் பார்த்தபோது, குரோமோசோம் இழப்பு உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் என்றால் 7.3 வருடம், கீமோவும் சேர்ந்தால் 14.7 வருடம். இழப்பு இல்லாதவர்களுக்கு 2.7, 2.6. ஐரோப்பாவில் தனியாக நடந்த இன்னொரு ஆய்வும் அதே திசையில்தான் வந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கதை இதுதான். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் இரண்டு பக்கத்துக் கோடுகளும் பல வருடம் ஒன்றோடொன்று ஒட்டியே போய், அதற்கப்புறம்தான் பிரிந்தன. மெதுவான கட்டியில் மார்க்கரை அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஐடிஹெச்சின் கதை வேறு மாதிரி. 2008-இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து பதினைந்து வருடம் அது நோயின் போக்கைச் சொல்லும் மார்க்கராகவே இருந்தது. மாற்றம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கவலை, அவ்வளவுதான். மாறிப்போன ஐடிஹெச் நொதி 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளைக் குவிக்கிறது, அது மரபணுத் தொகுதி முழுக்க மெத்திலேஷனை ஏற்றிவிடுகிறது. அதை அடக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரையை ஆபரேஷன் மட்டும் முடிந்த இரண்டாம் கிரேடு கட்டிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 331 பேர். கட்டி மறுபடி வளரும் வரையான காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீண்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. பெயர் வைக்க மட்டும் உதவிய வரி ஒரே நாளில் மருந்துச் சீட்டு வரியானது. ஆனால் அது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது, அவர் கட்டியில் அந்த மாற்றமே இல்லை. இளவயதினர் யாராவது படித்தால் ஒன்று: திசுவுக்குச் சாயமேற்றும் ஐடிஹெச் டெஸ்ட் ஆர்132ஹெச் என்ற ஒரே மாற்றத்தை மட்டும்தான் பிடிக்கும். ஐடிஹெச்1 மாற்றங்களில் சுமார் 90 சதவீதம் அதுதான். 55 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அது 'இல்லை' என்று வந்தால் சீக்வென்சிங் செய்து, அதாவது மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்து, உறுதிப்படுத்தாமல் விடக் கூடாது.

குறிவைத்த மருந்து மூளைக்கட்டியில் அழகாக வேலை செய்யும் இடம், பிராஃப் என்ற மரபணுவில் வரும் வி600ஈ மாற்றம். குழந்தைகளின் மெதுவான கிளையோமாவில் (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி) இந்த மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் மருந்து ஜோடிக்கு 47 சதவீதம் பேரிடம் கட்டி சுருங்கியது, வழக்கமான கீமோவுக்கு 11 சதவீதம். பெரியவர்களுக்கு வரும் பாப்பில்லரி கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற மூளையடிக் கட்டியில் இதே வழியை அடைக்கும் வேறொரு ஜோடி 16 பேரில் 15 பேரிடம் வேலை செய்தது. ஆனால் அதே பிராஃப் மரபணு வேறு விதமாகக் கெட்டிருந்தால் கதை தலைகீழ். பைலோசிட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா என்ற, குழந்தைகளுக்கு வரும் மெதுவான கட்டியில் பிராஃப் இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு சோராஃபெனிப் என்ற குறிவைத்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டிகள் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்ததால் ஆய்வையே நிறுத்தினார்கள். ரிப்போர்ட்டில் 'பிராஃப் பாசிட்டிவ்' என்று மட்டும் யாராவது எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். எந்த மாற்றம் என்று தெரியாமல் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

ஈஜிஎஃப்ஆர் வரியைப் பார்த்துவிட்டு நீங்கள் இணையத்தில் தேடியிருப்பீர்கள். நுரையீரல் புற்றுநோயில் ஈஜிஎஃப்ஆர் மாத்திரைகள் அற்புதம் செய்கின்றன, இங்கே ஏன் இல்லை என்று கேட்பது நியாயம். கொடுத்துப் பார்க்காமல் இல்லை. ஈஜிஎஃப்ஆரின் ஒரு சிதைந்த வடிவத்தைக் குறிவைத்த ரிண்டோபெப்பிமட் தடுப்பூசியை 745 பேரிடம் சோதித்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் கட்டி மிகக் குறைவாக மிஞ்சியிருந்த 405 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களுக்கு 20.1 மாதம், பெறாதவர்களுக்கு 20.0. ஈஜிஎஃப்ஆர் மரபணுவுக்குள் நுரையீரல் புற்றுநோயில் கெடும் இடமும் மூளைக்கட்டியில் கெடும் இடமும் வேறு. தவிர, ஒரே கட்டிக்குள் சில செல்களில் அந்த மாற்றம் இருக்கும், பக்கத்துச் செல்லில் இருக்காது. கட்டி திரும்பும்போது பலரிடம் ஊசி போடாமலேயே அது மறைந்துபோயிருந்தது. ஒரு மாற்றம் கட்டியில் இருப்பது வேறு, கட்டி அதை நம்பி உயிர் வாழ்வது வேறு. நீங்கள் கேட்ட பெரிய பேனல் டெஸ்ட்டின் முப்பது பக்க ரிப்போர்ட்டில் மாற்றத்துக்கு எதிரே மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதில் பெரும்பாலானவை வேறு உறுப்பில் வேலை செய்தவை, அல்லது மூளைக்குள் நுழையவே முடியாதவை.

நல்ல மார்க்கர் கிடைத்தவுடன் சிகிச்சையைக் குறைக்கலாமா என்ற கேள்வியும் அவ்வளவு சுலபமில்லை. குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டியில் டபிள்யூஎன்டி என்ற வகை மிக நல்ல போக்குடையது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அதனால் தண்டுவடக் கதிர்வீச்சைத் தவிர்த்து, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று மும்பை டாடா மெமோரியலில் முயன்று பார்த்தார்கள். கதிர்வீச்சு படாத இடங்களில் நோய் திரும்பியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த வகைக் குழந்தைகள் அதுவரை நன்றாக இருந்ததே தண்டுவடக் கதிர்வீச்சையும் சேர்த்துத்தான் என்று புரிந்தது.

சரி, பெரிய டெஸ்ட் எடுக்கலாமா? 58 வயது, எல்லா அடையாளமும் பொருந்தும் கிளையோபிளாஸ்டோமா, முதல் சிகிச்சை தொடங்கப்போகிறது என்ற இன்றைய நிலையில் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கொடுக்கப்போகும் எதையும் அது மாற்றாது. நோயாளி குழந்தையாகவோ நாற்பதுக்குக் கீழேயோ இருந்தால், கட்டி மூளையின் நடுக்கோட்டிலோ தண்டுவடத்திலோ இருந்தால், நுண்ணோக்கித் தோற்றமும் ஸ்கேனும் ஒத்துப்போகாவிட்டால் என் பதில் மாறும். பெரியவர்களின் கிளையோபிளாஸ்டோமாவில் பிராஃப் வி600ஈயும் என்டிஆர்கே மரபணு இணைப்பும் மிக அரிது. பிராஃப் மட்டும் தெரிந்துகொள்ளத் தனி டெஸ்ட் போதும். கட்டி திரும்பினால் அப்போது யோசிக்கலாம், முடிந்தால் புதிதாக எடுத்த திசுவில். டெமோசோலமைடு பெற்ற கட்டிகளில் சில, பழுது பார்க்கும் மரபணுக்களை இழந்து அந்த மாத்திரைக்குப் பணியாதவையாகத் திரும்புகின்றன. பழைய பிளாக்கில் அது தெரியாது. ரத்தத்தில் பார்க்கிறோம் என்று விற்கப்படும் டெஸ்ட்டுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். மூளைக்கட்டியின் டிஎன்ஏ ரத்தத்தில் கசிவது மிகக் குறைவு.

'மரபணு மாற்றம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இது எங்களுக்கும் வருமா என்று பிள்ளைகள் பயப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். இந்த ரிப்போர்ட்டில் உள்ளவை கட்டிச் செல்லில் மட்டும் நேர்ந்தவை, அப்பாவிடமிருந்து உங்களுக்கு வருபவை அல்ல. குடும்பத்தில் சின்ன வயதிலேயே பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் அதைத் தனியாகக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. "எல்லோருக்கும் தருகிற அதே மாத்திரைதானா" என்ற உங்கள் ஆதங்கத்துக்கு, மெத்திலேஷன் இருப்பதால் ஒரு உண்மையான மாற்று வழி உண்டு. டெமோசோலமைடோடு லோமஸ்டினையும் சேர்த்துக் கொடுத்த ஜெர்மன் ஆய்வு 2019-இல் வந்தது. 70 வயது வரை உள்ள, மெத்திலேஷன் இருக்கும் நோயாளிகள் மட்டும். ஜோடி பெற்றவர்களுக்கு 48.1 மாதம், வழக்கமான சிகிச்சைக்கு 31.4 மாதம். எண் பெரிதாக இருக்கிறது, ஆனால் கணக்கில் வந்தவர்கள் 129 பேர்தான், அதனால் எல்லா டாக்டர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ரத்த அணுக்கள் அதிகம் விழும், வாந்தியும் கூடும், உடல் தெம்பாக இருக்க வேண்டும். கதிர்வீச்சு தொடங்கும் முன்பே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது, ஏனென்றால் அந்த ஆய்வில் லோமஸ்டின் முதல் நாளிலிருந்தே ஆரம்பித்தது. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மூன்று கேளுங்கள்: எம்ஜிஎம்டி எந்த முறையில் பார்க்கப்பட்டது, சதவீதம் எவ்வளவு, அப்பாவின் உடல்நிலைக்கு லோமஸ்டின் சேர்ப்பதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார். வெளியே வரும்போது பிளாக் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதன் எண் என்ன என்று லேப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.